நாய்க்குக் காய்கறி ஐஸ்: வீட்டிலேயே செய்ய முழு வழிகாட்டி

கேரட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, ஐஸ் ட்ரேயில் போட்டு, தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பது: முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். மறுநாள் கிடைப்பது கண்ணாடிக் கட்டி. நாய் அதை முதலில் நக்கும், தரையில் உருட்டும், அப்புறம் கடைவாயில் வைத்து ஓங்கிக் கடிக்கும். பல் உடைவது அந்த இடத்தில்தான். பல் தப்பித்தாலும், உள்ளே இருந்த பச்சைக் கேரட் மறுநாள் காலையில் போன மாதிரியே வெளியே வந்துவிடும்.

உறையவைப்பது இந்த வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் காயைத் தேர்ந்தெடுப்பது, வேகவைப்பது, ஆறவைப்பது, கெட்டியாக அரைப்பது என்று நான்கு வேலைகள் இருக்கின்றன. இவற்றை இதே வரிசையில் செய்தால், நாயின் பல்லுக்கும் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் மென்மையான ஐஸ் கிடைக்கும். ஒரு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சின்ன நாய்க்கு இரண்டு வாரத்துக்குச் செய்து வைத்துவிடலாம்.

1. முதலில் உங்கள் நாய்க்கு இது ஆகுமா என்று பாருங்கள்

ஆரோக்கியமாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு இதில் பயமில்லை. கீழே சொல்லும் நாய்களுக்கு மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

சர்க்கரை நோய் இருக்கும் நாய்க்கு இன்சுலின் அளவும் சாப்பாட்டு அளவும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. நடுவில் கேரட்டும் சர்க்கரைவள்ளியும் நுழைந்தால் கணக்கு கெடும். சிறுநீர்ப்பையில் ஆக்ஸலேட் கல் வந்த நாய்க்குப் பசலைக்கீரை, பீட்ரூட், சர்க்கரைவள்ளி மூன்றும் வேண்டாம். அவற்றில் ஆக்ஸலேட் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு, டாக்டர் எழுதிக் கொடுத்த உணவைத் தவிர எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

பால்குடி மறந்த கையோடு இருக்கும் குட்டிகளுக்கு இது தேவையே இல்லை. ஈறு வீங்கியோ பல் ஆடியோ இருக்கும் கிழட்டு நாய்க்கு, உறையவைக்காமல் குளிர்ந்த விழுதாகவே கொடுக்கலாம்.

2. எந்தக் காய், எது கூடவே கூடாது

முதல் தடவைக்கு மூன்று காய்கள் போதும்: பரங்கிக்காய், கேரட், பீன்ஸ். பரங்கிக்காய் என்று நான் சொல்வது மஞ்சள் பூசணியை. கோவைப் பக்கம் அரசாணிக்காய் என்று கேட்டு வாங்குங்கள். இது வெந்ததும் தானாகவே விழுதாகிவிடும், நார்ச்சத்தும் உண்டு, 100 கிராமுக்கு 26 கலோரி அளவுதான். எனக்கு இதைவிட நல்ல அடிப்படைக் காய் தெரியாது. கேரட்டின் இனிப்பு நாய்களுக்குப் பிடிக்கும். 100 கிராமுக்கு 41 கலோரி. பீன்ஸ் வயிற்றை நிரப்பும், எடை ஏற்றாது. குண்டாகிவிட்ட லாப்ரடார்களுக்கு இதைக் கூட்டிப் போடலாம்.

சுரைக்காய், வெள்ளரிக்காய், பச்சைப் பட்டாணி ஆகியவையும் சரி. சர்க்கரைவள்ளிக்கிழங்கு நல்லதுதான், ஆனால் கேரட், பரங்கிக்காயைப்போல் இரண்டு மூன்று மடங்கு கலோரி, கொஞ்சமாகப் போடுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி ஆகியவை அதிகமானால் வாயுத் தொல்லை தரும். அதிலும் ராத்திரி நாய் உங்கள் அறையிலேயே படுக்கும் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

இனி, கூடாதவை. இந்தப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

வெங்காயக் குடும்பம் முழுவதும் நாய்க்கு விஷம்: சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு எல்லாமே. இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்குகின்றன. வேகவைத்தாலும், வறுத்தாலும், பொடி செய்தாலும் அந்த விஷம் போகாது. நம் வீட்டுச் சமையலில் இதுதான் பெரிய ஆபத்து. மதியம் மிஞ்சிய சாம்பார்க் காயையோ பொரியலையோ "காய்தானே" என்று கழுவி மிக்ஸியில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கழுவினால் மசாலா போகலாம். காய்க்குள் ஊறிய வெங்காய, பூண்டுச் சாறும் உப்பும் போகாது. நாய்க்கான காய் தாளிப்புக்கு முன்னால், உப்புக்கு முன்னால், தனியாக எடுத்து வைத்ததாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் சூப் க்யூப், சூப் பொடி ஆகியவற்றிலும் வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் இருக்கும். அவையும் வேண்டாம்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் ஒன்றுகூட வேண்டாம். சாக்லேட்டும் மக்கடாமியா கொட்டையும் கூடாது. பச்சை உருளைக்கிழங்கும், முளைவிட்டோ பச்சை நிறமாகியோ இருக்கும் கிழங்கும் கூடாது. மக்காச்சோளத்தின் முத்துகள் பரவாயில்லை. சக்கையான நடுத்தண்டு குடலை அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். முருங்கைக்காய்ச் சக்கைக்கும் மாங்கொட்டைக்கும் இதே எச்சரிக்கைதான்.

வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைலிடால் என்றோ ஐ.என்.எஸ் 967 என்றோ இருந்தால் அது நாய் இருக்கும் வீட்டுக்கே வேண்டாம். மனிதர்கள் சர்க்கரைக்குப் பதிலாகச் சாப்பிடும் இந்த இனிப்பு, நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். வறுத்த வேர்க்கடலையை உப்பு, சர்க்கரை இல்லாமல் வீட்டில் அரைத்துக்கொள்வது எளிது.

3. எடுத்து வைக்க வேண்டியவை

பரங்கிக்காய் 250 கிராம், கேரட் 100 கிராம், பீன்ஸ் 50 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 100 கிராம். தோல், விதை நீக்கிய எடையைச் சொல்கிறேன். இதில் 15 கிராம் அளவில் சுமார் 30 துண்டுகள் வரும். ஒரு துண்டுக்கு ஆறு கலோரி.

தயிர் எதற்கு என்று கேட்பார்கள். வெறும் காயும் தண்ணீரும் உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உருவாகி இறுகிவிடும். தயிரில் உள்ள கொழுப்பும் புரதமும் படிகங்களுக்கு நடுவே நின்று அவை ஒன்றாகச் சேராமல் பார்த்துக்கொள்கின்றன. அதனால் கடித்தால் விட்டுக்கொடுக்கும். உப்பும் பெருங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட மோரைத் தயிருக்குப் பதிலாக ஊற்றாதீர்கள். பழ வாசனை சேர்த்து விற்கும் இனிப்புத் தயிரும் கூடாது. பால் பொருள் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி 80 கிராமை அரைத்துச் சேர்க்கலாம்.

சாமான்கள்: இட்லிப் பானை, மிக்ஸி, சிலிக்கான் அச்சு அல்லது ஐஸ் ட்ரே, ஜிப் கவர், பெயர் எழுத ஒரு பேனா. மிக்ஸி ஜாரின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, பிளேடுக்கு அடியிலும் தேய்த்துக் கழுவிவிடுங்கள். சட்னியும் இஞ்சி பூண்டு விழுதும் அரைக்கும் ஜாரில் அவை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

4. கழுவுவது, சீவுவது, வாயில் வைத்துப் பார்ப்பது

காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் வெட்டுப்பட்ட இடமெல்லாம் தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீர் பின்னால் கட்டியை இறுக்கும். பரங்கிக்காயின் தோலையும் குடலையும் விதையையும் எடுத்துவிடுங்கள். பீன்ஸில் நார் உரிப்பதைச் சோம்பேறித்தனப்பட்டு விடாதீர்கள். மிக்ஸி பிளேடு அந்த நாரைச் சுற்றிக்கொள்ளும், அரைக்காது.

சுரைக்காயோ வெள்ளரிக்காயோ சேர்த்தால் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு குகுர்பிட்டாசின் என்ற நச்சு. மனிதர்களையே வாந்தியும் பேதியுமாகப் படுக்கவைக்கும். வேகவைத்தாலும் அது நீங்காது.

5. ஆவியில் வேகவைப்பது

நாய் மென்று தின்னும் பிராணி அல்ல. இரண்டு கடி, ஒரு விழுங்கல், அவ்வளவுதான். காயின் செல் சுவரை உடைக்கும் வேலையை அதன் பல்லும் செய்யாது, வயிறும் சரியாகச் செய்யாது. அதை நாம்தான் அடுப்பிலும் மிக்ஸியிலும் முடித்துக் கொடுக்க வேண்டும்.

வேகவைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃப்ரீசர் கிருமிகளைத் தூங்கவைக்கும், கொல்லாது. பச்சைக் காயில் ஒட்டி வந்த பாக்டீரியா உறைந்து கிடந்து, உருகும்போது எழுந்துகொள்ளும். சூடுதான் அதைக் கொல்லும்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு, ஒரு சென்டிமீட்டர் வட்டங்களாக நறுக்கிய கேரட்டை முதலில் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பீன்ஸும் பரங்கிக்காயும். மேலும் எட்டு முதல் பத்து நிமிடம். கரண்டியால் அழுத்தினால் கேரட் நசுங்க வேண்டும்.

தண்ணீரில் போட்டு வேகவைக்கலாமா? கூடாது என்றில்லை, ஆனால் காய் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சத்தில் ஒரு பகுதியும் தண்ணீரோடு போய்விடும். குக்கரில் வைத்தால் பரங்கிக்காய் கூழாகிக் கரைந்துவிடுகிறது. ஆவிதான் சரி.

6. ஆறவைத்து அரைப்பது

வெந்த காயை அகலமான தட்டில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஆவி போகப் போக ஈரமும் போகும், விழுது கெட்டியாகும். அரைமணி நேரம் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுவிட்டு மறந்துபோகாதீர்கள். வெதுவெதுப்பான காயில் கிருமி வேகமாகப் பெருகும், நம் ஊர் மே மாத வெயிலில் இன்னும் வேகமாக.

சூட்டோடு தயிரைக் கலந்தால் திரிந்து நீர் விடும். சூட்டோடு ஃப்ரீசரில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பொருள்களும் இளகும், ஆவி மேலே படிந்து பனியாகும். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த அரைமணி நேரம்.

ஆறியதும் காயை மட்டும் முதலில் அரையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். பிளேடு சுற்றவில்லை என்று கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். மிக்ஸியை நிறுத்தி, ஓரத்தில் இருப்பதை வழித்துவிட்டு, தயிரில் இரண்டு ஸ்பூன் போட்டு மறுபடி சுற்றுங்கள். மீதித் தயிரைக் கையால் கலந்துகொள்ளலாம்.

இட்லி மாவு பதம் வர வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பொத்தென்று விழ வேண்டும், ஒழுகக் கூடாது. தோசை மாவு பதத்துக்குப் போய்விட்டால் ஒரு ஸ்பூன் ஓட்ஸை வேகவைத்துச் சேர்த்து, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். வேகவைத்த சர்க்கரைவள்ளியை மசித்துப் போட்டாலும் இறுகும். இங்கே நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு ஸ்பூன் தண்ணீரும் நாயின் பல்லுக்கு நல்லது.

7. அச்சில் இடுவது

துண்டின் அளவை நாயின் வாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பக், பொமரேனியன் போன்ற சின்ன வாய்களுக்கு, ஐஸ் ட்ரேயின் குழியில் பாதி மட்டும் நிரப்புங்கள். தட்டையான வில்லை வரும். முழுக் கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

பெரிய நாய்க்குப் பிரச்சினை வேறு. லாப்ரடாரும் ராஜபாளையமும் சின்ன வில்லையை மாத்திரை விழுங்குவதுபோல் அப்படியே விழுங்கிவிடும். அவற்றுக்கு உள்ளங்கை அகலத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில், தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் உறையவையுங்கள். விழுங்க முடியாத அகலம், கடித்தால் முறியும் தடிமன்: இதுதான் கணக்கு. உள்ளே குழியுள்ள ரப்பர் பொம்மை இருந்தால் அதில் அடைத்து உறையவைப்பது இன்னும் நல்லது. நக்கி நக்கியே நேரம் போகும்.

எவர்சில்வர் கிண்ணத்தில் உறையவைத்தால் அப்படியே நாய் முன்னால் வைக்காதீர்கள். உறைந்த உலோகத்தில் ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கத்தைச் சில நொடிகள் தண்ணீரில் காட்டி, ஐஸைக் கழற்றி வேறு தட்டில் போடுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று ஐஸ்கிரீம் குச்சி செருகவே செருகாதீர்கள். நாய் குச்சியையும் சேர்த்துத்தான் கடிக்கும், சிம்பு குடலைக் குத்தும்.

விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் விரியும்.

8. உறையவைப்பதும் எடுத்து வைப்பதும்

ட்ரேயைச் சமமாக வைத்து, மேலே மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். மூடாமல் வைத்தால் பக்கத்தில் இருக்கும் மீன் வாசனை ஏறும். நாய்க்கு அது சந்தோஷம்தான், மேல்பரப்பு காய்ந்து வறண்டுபோவதுதான் குறை.

காலையில் துண்டுகளைக் கழற்றி ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கவர்மேல் தேதியும் என்னென்ன காய் என்பதும் எழுதுங்கள். "நாய்க்கு" என்றும் பெரிதாக எழுதுங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைப் பார்த்துக் குழந்தைகள் மாம்பழக் குல்ஃபி என்று எடுத்துவிடுவார்கள். தனி ஃப்ரீசர் கதவு உள்ள ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் குளிர் குறைவு, கதவு திறக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மின்வெட்டு இருக்கும் ஊரா? ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். வெளியூர் போய் வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. அடியில் இறங்கிக் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கவரை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

9. கொடுக்கும் விதம்

ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் வெளியே வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் கொடுக்கலாம். பதியாவிட்டால் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். நாய்கள் கடினமானதைக் கடித்து உடைத்துக்கொள்வது பெரும்பாலும் மேல்தாடையில் இருக்கும் பெரிய முன்கடைவாய்ப் பல்லை, அதாவது பக்கவாட்டில் கடைசிக்குச் சற்று முன்னால் இருப்பதை. அது உடைந்தால் வேர்வரை சீழ் பிடித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும். நகச் சோதனைக்கு ஆகும் நேரம் அதற்குமுன் ஒன்றுமே இல்லை.

வாக்கிங் முடிந்து இரைக்க இரைக்க வரும் நாய்க்கு முதலில் சாதாரணத் தண்ணீர். மூச்சு அடங்கிய பிறகு ஐஸ். மூச்சு வாங்கும்போது கொடுத்தால் அவசரமாக விழுங்கிப் புரையேறும்.

இரண்டு நாய் இருந்தால் இரண்டு அறை. சாப்பாட்டுத் தட்டில் சண்டை போடாத ஜோடிகூட இதற்குச் சண்டை போடும். கால்மணி நேரத்தில் தின்னாமல் விட்டதை எடுத்துக் கழுவிவிடுங்கள். எறும்பு மொய்க்கும், தயிர் புளிக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் நாய் நிற்காமல் இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. அப்போது ஐஸ் ஊட்டிக்கொண்டிருக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

10. ஒரு நாளைக்கு எவ்வளவு

நொறுக்குத்தீனி எல்லாம் சேர்த்து நாயின் தினசரி கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கருத்தடை செய்த, ஓரளவு ஓடியாடும் நாய் என்றால், 5 கிலோ எடைக்குச் சுமார் 35 கலோரி, 10 கிலோவுக்கு 60, 25 கிலோவுக்கு 120. பிஸ்கட், டீக்கடை பன் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

ஆனால் கலோரி இடம் கொடுக்கிறது என்பதற்காகப் பத்து துண்டு கொடுத்தால் நார்ச்சத்து வயிற்றைக் கலக்கிவிடும். 15 கிராம் துண்டுக் கணக்கில் 5 கிலோ நாய்க்கு இரண்டு, 10 கிலோவுக்கு மூன்று நான்கு, பெரிய நாய்க்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒன்றே ஒன்று. புதிய காய் எதைச் சேர்த்தாலும் மூன்று நாள் விட்டு அடுத்த புதிய காய். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்.

11. ஏதாவது சரியில்லை என்றால்

மலம் லேசாக ஆரஞ்சு நிறமாக இருப்பது கேரட்டின் நிறம்தான், கவலை வேண்டாம். முழுத் துண்டாகக் காய் வந்தால் அடுத்த முறை இன்னும் வேகவைத்து நைசாக அரையுங்கள். லூஸ் மோஷன் ஆனால் நிறுத்திவிட்டு, சரியான பிறகு தயிர் இல்லாமல் செய்து பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

ஒரு பக்கமாகவே மெல்லுவது, வாயை முன்னங்காலால் தேய்ப்பது, பிடித்த தீனியைக் கீழே போடுவது ஆகியவை பல் வலியின் அறிகுறிகள்.

வெங்காயமோ பூண்டோ கலந்ததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். ரத்தசோகை வெளியே தெரியச் சில நாள் ஆகும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கருஞ்சிவப்பாவதும் அதன் பிறகுதான். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, என்ன தின்றது, எவ்வளவு, நாயின் எடை என்ன என்று சொல்லுங்கள். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நாய்க்கு இன்னொரு ஆபத்து. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து மருத்துவரின் எண்ணை ஃப்ரீசர் கதவிலேயே ஒட்டி வையுங்கள்.

சில நாய்கள் ஐஸை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். நாட்டு நாய்களில் இதை அதிகம் பார்க்கிறேன்; வாசனை இல்லாத குளிர்ந்த பொருளை அவை நம்புவதில்லை. உறைந்த பொருளில் வாசனை எழாது என்பதுதான் காரணம். துண்டை ஓரம் உருகும் வரை வெளியே வைத்து, உப்பில்லாத கோழி வேகவைத்த தண்ணீரில் ஒரு ஸ்பூன் மேலே விட்டுக் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் தொடவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். மீதியை உருகவைத்து, அன்றே இரண்டு ஸ்பூன் அளவு அதன் சோற்றில் பிசைந்து போட்டால் பெரும்பாலும் தட்டு காலியாகிவிடும்.